தேய்ந்த இரும்பு போன இடம்

செல்லாண்டியம்மன் கோயில் பூசாரி பெரியண்ணனின் வலது உள்ளங்கால் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்ன ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதே காலையில், ஒன்பது கிலோமீட்டர் தள்ளித் தார்ரோட்டு முக்கில் இருக்கும் பட்டறையில், மெக்கானிக் ஆரோக்கியம் ஒரு வெள்ளைக் காரின் இன்ஜினை இறக்கிப் பிரித்துப்போட்டு, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "அடக் கொடுமையே, இது ஓடின இன்ஜினா, உரல்ல போட்டு இடிச்ச இன்ஜினா?" என்று கேட்டார். இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் நின்றிருந்த சுகுணாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் அந்தக் காரை ஓட்டியவள் அவள்தான், பொம்பளை கையில் கொடுத்தால் வண்டி இப்படித்தான் போகும் என்பது ஒரு வாரமாக ஊருக்குள் ஒரே பேச்சாக இருந்தது.

அது சும்மா வந்த கார் இல்லை. பஸ் வராத வேங்காம்பட்டிக்கு இதுவே பஸ்ஸாக இருக்கட்டும் என்று பதினாறு பெண்கள் சேர்ந்த மகளிர் குழு வாங்கியது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும், பகலில் சுகர் மாத்திரைக்காரர்களை ஆஸ்பத்திரியில் இறக்கும், இடுப்புவலி வந்த பெண்ணை நேரம் காலம் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு ஓடும். பதினாறு பேரில் ஓட்டத் தெரிந்தவள் சுகுணா ஒருத்திதான். மகள் தன்ஷிகா வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது, ஸ்டியரிங் வயிற்றில் இடிக்க இடிக்க எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவள். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடவேண்டிய இன்ஜின் எழுபதாயிரத்திலேயே ஆயிலைக் குடித்து, நீலப்புகை விட்டு, பள்ளிக்கூட மேட்டில் ஏறமாட்டேன் என்று மூச்சு வாங்கி நின்றுவிட்டது என்றால், அந்தப் பழி வேறு யார் தலையில் விழும்?

விழவேண்டிய தலைகள் வேறு இருந்தன, அது சுகுணாவுக்குத் தெரியும். வேங்காம்பட்டியில் விடிந்ததும் எழும் முதல் சத்தம் அம்மனுக்குச் சேரவேண்டும் என்பது வழக்கம். முன்பு பம்பை அடிப்பார்கள், பம்பைக்காரர் குடும்பம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபிறகு நாலு வருடம் அம்மன் சத்தமில்லாமல் கண் விழித்தாள், பிறகு கார் வந்ததும் பூசாரி பெரியண்ணன் இனி இன்ஜின் சத்தம்தான் அம்மனுக்கு என்று சொல்லிவிட்டார். கோயில் கொட்டகையில்தான் காரை நிறுத்துவது என்பதால், தினமும் விடியற்காலை அவரே ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, குளிரில் விறைத்துக் கிடக்கும் இன்ஜினை ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரைக்கும் மிதித்து மூன்று தடவை அலறவிடுவார், பிறகுதான் கற்பூரம்.

"மாமா, ராத்திரி பூரா ஆயில் அடியில இறங்கிப் படுத்திருக்குமுங்க. அது எந்திரிச்சு மேல வர ஒரு நிமிஷமாவது விடுங்க. மாவே போடாம கிரைண்டரைச் சுத்தவிட்டா கல்லைக் கல்லு தின்னுமா இல்லையா?" என்று சுகுணா எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள்.

"அம்மனுக்கே ஆயில் கதை சொல்றயா அம்மிணி?" என்பார் அவர், இன்னும் ஒரு மிதி சேர்த்து மிதிப்பார்.

ஊருக்கு மேற்கே கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர் வைத்திருக்கும் அருணகிரியிடம், லாரி போகிற மண்பாதையில் தண்ணீர் தெளியுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. கருவேப்பிலையைக் கிள்ளினால் இலைக்கு முன்னால் தூசி கையில் வரும், புது ஏர் ஃபில்டர் போட்ட மூன்றாம் நாள் அது ரவை சலித்த சல்லடையாக இருக்கும், சலிக்காமல் தப்பிய கல்மாவு இன்ஜினுக்குள் போய் உப்புத்தாள் வேலை செய்யும். ஆயில் கடை முத்துராசு, யாரோ வடித்து ஊற்றிய பழைய கறுப்பு ஆயிலைத் துணியில் வடிகட்டிப் புது டப்பாவில் அடைத்து, "கம்பெனி ஆயில் அம்மிணி, நாக்கு அழுகிப்போயிரும் பொய் சொன்னா" என்று விற்றவர். ஊர்த்தலைவர் சென்னியப்பனுக்கு வெயில் ஆகாது. எங்கே போனாலும் மற்றவர்கள் உள்ளே வேலையை முடிக்கும்வரை இவர் காரை விட்டு இறங்காமல், ஏசியை அணைக்கவிடாமல், நின்ற வண்டியில் ஓடுகிற இன்ஜினோடு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பார். இத்தனையும் ஊர் பார்த்ததுதான். பார்த்துவிட்டு, பொம்பளை கை என்றது.

ஆகவே பூசாரியின் உள்ளங்கால் மின்னியபோது ஊருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அம்மன் அருள் என்றார்கள். புதன்கிழமை முத்துராசு கடையில் கொட்டாவி விட்டபோது வாய்க்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது, நாக்கு நுனி முதல் அடி வரை வெள்ளியாகக் கிடந்தது. வியாழக்கிழமை அருணகிரி தூங்கி எழுந்தபோது தலைமுடி, புருவம், இமை, மீசை எல்லாம் ஜரிகை. தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. போகவேண்டும் என்று யார் நினைத்தார்கள்? வெள்ளிக்கிழமைக்குள் ஊர் அதற்கான முறையெல்லாம் வகுத்துவிட்டது: பூசாரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தாம்பாளத்தில் வைத்திருக்க, வரிசையில் வந்து கண்ணில் ஒற்றிக்கொள்வது என்றும், நிச்சயம் முடிந்த ஜோடிகள் முத்துராசு கடைக்குப் போய் "அண்ணா, நாக்கைக் காட்டுங்க" என்று கேட்டு ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்தால் குடும்பத்தில் பொய் இருக்காது என்றும், அருணகிரி குனிந்து தலையைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்றும் ஆகிவிட்டது. முக்கில் அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது. கிரஷர் தூசிக்கு எதிராகக் கலெக்டருக்குக் கொடுக்கக் குழுத்தலைவி ரங்கநாயகி வீடு வீடாக ஏறி வாங்கிய அறுபத்திரண்டு கையெழுத்து மனுவை, கையெழுத்துப் போட்டவர்களே வந்து கேட்டு வாங்கிக் கிழித்தார்கள். அருள் பெற்றவர் தூசி எப்படித் தூசியாகும்?

மின்னுகிறவர்கள் இருந்தால் மின்னாதவர்களும் இருக்கவேண்டுமே. ஊரில் நானூறு பேர் மின்னவில்லை, ஆனால் மின்னாதவள் என்று பெயர் வாங்கியது சுகுணா ஒருத்திதான், ஏனென்றால் அம்மனுக்கு முதல் சத்தம் கொடுத்த வண்டியைக் கெடுத்தவள் அவளாம். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் முன்னும் பின்னும் ஒரு குடம் இடம் விட்டார்கள். மாமியார் நாற்பத்தெட்டு நாள் கோயிலைச் சுற்றச் சொன்னார். புருஷன் சிவகுரு நூல்மில் ஷிப்ட் முடிந்து வந்து, "கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு, எல்லாம் மறந்துருவாங்க" என்றான். அவன் சொல்கிற ஒரே யோசனை அதுதான். தன்ஷிகாகூடத் தலை பின்னும்போது திரும்பிப் பார்த்து, "அம்மா, உனக்கு மட்டும் ஏன் மின்னலை? நீ பேட் கேர்ளா?" என்றாள். அதுவரைக்கும் பொறுத்த சுகுணாவுக்கு அந்தக் கேள்வியில் உச்சி கொதித்தது.

இதற்கிடையே பூசாரியும் தலைவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்ஜின் சரியாகித் திங்கட்கிழமை கார் வருகிறது, சாவியைப் பூசாரியின் மச்சான் லோகுவிடம் கொடுத்துவிடுவது, ஞாயிறு காலை சமுதாயக்கூடத்தில் கூட்டம். லோகு டிராக்டரை வேலியில் ஏற்றி இறக்குகிறவன். கார் போனால் சுகுணாவுக்கு வேலை போகிறது என்பது மட்டும் இல்லை. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதுதான் அவள் யாருடைய மருமகள், யாருடைய பெண்டாட்டி என்பதெல்லாம் பின்சீட்டில் உட்காரும், அவள் முன்னால் இருப்பாள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனாள். ஆரோக்கியம் இன்ஜினுக்குள் லைனர் என்கிற புது இரும்பு உறையை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சுகுணா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைம்மா. தேஞ்ச இரும்பு ஆயில்லதான் கிடக்கணும். ஆயில் தேங்குற அடித்தொட்டியில காந்தத்தை விட்டு அலசினேன், ஃபில்டரைக் கிழிச்சுப் பார்த்தேன். ஒரு பொடி இல்லை. ஒரு கைப்பிடி இரும்பு இந்த இன்ஜினை விட்டுப் போயிருக்கு, எங்க போச்சுன்னு தெரியலை."

"எவ்வளவு?"

"ஒரு கைப்பிடிம்மா. ஒரு பூசாரி கால் அளவுன்னு வெச்சுக்கயேன்" என்று அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

சுகுணா சிரிக்கவில்லை. அன்று காலையில்தான் தலைவர் வீட்டு தெய்வானை அக்கா குழாயடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவள் காதைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருந்தாள்: "யாருகிட்டயும் சொல்லிராத. எங்க வீட்டுக்காரருக்கும் வந்திருக்கு. ஆனா உக்கார்ற எடத்துல. ரெண்டு பக்கமும் தாம்பாளம் மாதிரி. யாருக்குக் காட்டுறது? ராவெல்லாம் அம்மன்கிட்டச் சண்டை போடுறாரு, எனக்கு மட்டும் ஏன் அங்க குடுத்தேன்னு." அப்போது இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்போது சுகுணாவுக்கு ஒவ்வொன்றாகப் பொருந்தியது. மிதித்தவருக்குக் காலில், பொய் சொன்னவருக்கு நாக்கில், தூசி கிளப்பியவருக்குத் தலையெல்லாம், உட்கார்ந்தவருக்கு உட்கார்ந்த இடத்தில்.

"அந்தக் காந்தத்தை ஒரு நாளைக்குக் குடுங்கண்ணா" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே கோயில் வரிசையில் போய் நின்றாள். மின்னாதவள் வந்திருக்கிறாள் என்று பூசாரிக்கு ஒரே பெருமை. காலைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினார். சுகுணா குனிந்து, உள்ளங்கையில் மறைத்த காந்தத்தோடு அந்தக் காலைத் தொட்டாள். டப்பென்று ஒட்டியது. இழுத்தாலும் வரவில்லை, காலும் சேர்ந்து வந்தது, பூசாரி நாற்காலியோடு முன்னால் சாய்ந்து, "ஏ, ஏ, அருளு போதும் அம்மிணி, விடு!" என்று கத்தினார். சுகுணா காந்தத்தைப் பக்கவாட்டில் திருகி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் நிற்க இடமில்லை. மின்னுகிறவர்கள் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள், தலைவர் சென்னியப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தார், உட்கார்ந்தால் கீழே இரும்பு நாற்காலி கிணுகிணு என்றது. லோகு எண்ணெய் வைத்துப் படிய வாரித் தயாராக நின்றான். மகளிர் குழு ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தது, காரின் சொந்தக்காரர்கள் பாயில்.

"சாவியை வெச்சுட்டுப் போ அம்மிணி, உன்மேல யாருக்கும் கோபமில்லை" என்றார் தலைவர்.

"எனக்கு இருக்குதுங்களே" என்றாள் சுகுணா.

"மின்னாத காலு அந்த வண்டியை மிதிக்கலாமா?" என்று பூசாரி குரலை உயர்த்தினார். "அம்மன் யாரைத் தொட்டிருக்கா, யாரைத் தொடலைன்னு ஊரே பாக்குது. எங்கே, செருப்பைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க பாக்கலாம்!"

"காட்டு, காட்டு" என்று பின்னாலிருந்து சத்தம்.

சுகுணா ஆத்திரத்தில் வலது செருப்பை உதறி, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினாள். தன் உள்ளங்காலைத் தானே என்றைக்குப் பார்த்தாள்? வீட்டு வேலையில் யாருக்கு அதற்கு நேரம்? பெருவிரலுக்குக் கீழே, ஆக்சிலேட்டரில் அழுத்துகிற இடத்தில், ஓர் அரிசி அளவுக்கு, வெள்ளியாக ஒரு புள்ளி மினுக்கியது.

"அடடா, அம்மிணிக்கும் வந்திருக்கு!" என்று யாரோ கூவ, கூட்டம் அப்படியே திரும்பிவிட்டது. குலவைகூட ஒன்று எழுந்தது. மாமியார் எங்கிருந்தோ ஓடிவந்து கன்னத்தைத் தடவினார். தலைவர் முகம் மலர்ந்து, "அப்புறமென்ன, அம்மனே சொல்லிட்டா. சின்ன அருளுதான், இருந்தாலும் அருளு அருளுதான். சாவி உன்கிட்டயே இருக்கட்டும். பெரியண்ணா, சரிதான?" என்றார். பூசாரி அரை மனதாகத் தலையாட்டினார். லோகு முகம் சுருங்கியது. சாவி கையிலேயே இருந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனால் போதும், நாளைக்குக் குழாயடியில் முதல் குடம் அவளுடையது, தன்ஷிகாவுக்கு அவள் நல்ல அம்மா.

சுகுணா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எந்த நாளில் தேய்ந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இது அருளு இல்லைங்க" என்றாள். "இது நான் தேய்ச்ச இரும்பு."

"என்ன உளர்ற?"

"தை மாசம் சித்ராவுக்கு வலி வந்து கூட்டிட்டுப் போனேனே, பாதி வழியில ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சுது. எரிஞ்சா நிறுத்தணும், அணைக்கணும், அதுதான் சட்டம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் நிறுத்தலை. பின்னாடி அவ கத்தின கத்தல்ல அந்த லைட்டு மேல என் முந்தானையைப் போட்டு மூடிட்டு நாலு கிலோமீட்டர் மிதிச்சேன். ஆயில் இல்லாம இரும்பு இரும்பைத் தின்னுச்சு, எனக்குக் காலுல தெரிஞ்சுது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் மிதிப்பேன். ஆனா தேஞ்சது தேஞ்சதுதான், தேய்ச்சது நாந்தான்."

சொல்லி முடிக்கவும் புள்ளி காலை விட்டுக் கழன்று, சிமெண்ட் தரையில் கிண்ணென்று விழுந்தது. அவ்வளவு சின்ன துண்டுக்கு அவ்வளவு சத்தம் யாரும் எதிர்பார்க்கவில்லை. சுகுணா இடுப்பிலிருந்து காந்தத்தை எடுத்துக் கீழே நீட்டினாள், துண்டு துள்ளி ஏறி ஒட்டிக்கொண்டது. பாயில் மடியில் பிள்ளையோடு இருந்த சித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கைப்பிடி இரும்பு அந்த இன்ஜினை விட்டுப் போயிருக்குன்னு ஆரோக்கியம் அண்ணன் சொல்றாரு. அதுல ஒரு அரிசி என்னோடது, இந்தா இறக்கியாச்சு. மீதி எங்கெங்க இருக்குன்னு முன்வரிசையைப் பாத்தாலே தெரியுது. காத்தால குளுந்த வண்டியை அலறவிட்டது எந்தக் காலு? பழைய ஆயிலைப் புதுசுன்னு சொன்னது எந்த நாக்கு? தூசியை எங்க தலையிலயும் வண்டி தலையிலயும் கொட்டுனது யாரு? நின்ன வண்டியில ஏசி போட்டு உக்கார்ந்தது..." என்றவள் தலைவரைப் பார்த்து, பெரியவர் என்பதால் அதோடு நிறுத்தினாள். தெய்வானை அக்கா பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. "ரெண்டு வாரமா பொம்பளை கை, பொம்பளை கைன்னீங்களே. எங்க என் கையில ஏதாச்சும் மின்னுதா, பாருங்க! அவங்கவங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்கவங்களுது கழண்டு விழுந்துரும். சொல்லுங்க."

முத்துராசு வாயை இறுக மூடிக்கொண்டார். அருணகிரி ஃபோன் வந்ததுபோல் எழுந்து வெளியே போனார், ஃபோன் அடிக்கவில்லை. பூசாரி காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு, "அம்மன் குடுத்ததைக் கீழ போட்டவ இவ ஒருத்திதான், பாத்துக்கங்க" என்றார். கண்ணெதிரே விழுந்த துண்டைப் பார்த்த பிறகும், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள். என்னத்தைச் சொல்ல?

ரங்கநாயகி பாயிலிருந்து எழுந்து புடவையைத் தட்டினாள். "கார் குழுவோடது. குழு பதினாறு பேரு. சாவி சுகுணாகிட்ட இருக்கணும்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றாள். பதினைந்து கை எழுந்தது; பதினாறாவது சுகுணாவுடையது, அவள் ஒரு கையில் காந்தத்தையும் ஒரு கையில் சாவியையும் பிடித்திருந்ததால் சாவிக் கையைத் தூக்கினாள். முன்வரிசையை யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு அம்மனுக்கு முதல் சத்தமாகப் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினார்கள், பட்டறையிலிருந்து வந்த காரைக் கோயில் கொட்டகையில் விடாமல் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நிறுத்தினாள் சுகுணா. புரட்டாசி வரைக்கும் மின்னுகிறவர்கள் மின்னிக்கொண்டுதான் இருந்தார்கள், வரிசையும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இரும்பு மழைக்கு என்ன ஆகும் என்பது அடுப்படியில் தோசைக்கல் வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பூசாரியின் கால் முதலில் மஞ்சளாகி, பிறகு செங்கலாகி, நடந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை விட்டது. அருணகிரியின் புருவம் செம்மண்ணாக உதிர்ந்தது. முத்துராசுக்குச் சோறு முழுக்க ஆணி ருசி. தலைவரின் வேட்டியை வெளுக்க முடியாமல் தெய்வானை அக்கா கறுப்பு வேட்டி வாங்கி, ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தாள். அரிப்புத் தாங்காமல் நால்வரும் தனித்தனியாக டாக்டரைப் பார்த்தார்கள், டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள், சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் சுகுணா வண்டியைக் கிளப்பி, ஆயில் மேலே ஏறட்டும் என்று மெல்ல ஓடவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பூசாரி பெரியண்ணன் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். மணி அடித்து, பிள்ளைகள் குடையும் பையுமாக வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள், கூட்டிப்போக வந்த ஏழெட்டு அம்மாக்களும் நின்றிருந்தார்கள்.

"அம்மிணி" என்றார், உதடு அசைந்ததா என்றே தெரியாத குரலில். "அந்த... காத்தால... ஆக்சிலேட்டரு... நாந்தான்."

சுகுணா துணியைப் பிழிந்து உதறினாள். பானட்டைத் திறந்து, கம்பியை நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று அவருக்கு வழி விட்டாள்.

"சத்தமாச் சொல்லுங்க மாமா" என்றாள். "வண்டிக்குக் கேக்கலை."